மந்திரப் பள்ளியின் முற்றம்: 1:50 அளவில் முதல் மாதிரி செய்பவர்களுக்கு

மந்திரப் பள்ளிக் கோட்டை செய்யத் தொடங்கும் அநேகர் முதலில் கோபுரத்தில்தான் கை வைப்பார்கள். கோபுரம் சுலபம். மட்டைக்குழாய் ஒன்று, கூம்பு ஒன்று, வேலை முடிந்தது. முற்றம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். நாலு சுவருக்கு நடுவே வெறும் தரைதானே என்று நினைத்துச் செய்தால் வாகனம் நிறுத்துமிடம் போல வந்து நிற்கும். பிறகு அதற்குள் எத்தனை துடைப்பத்தையும் ஆந்தையையும் இறக்கினாலும் தேறாது.

இங்கே சொல்வது 55 × 45 செ.மீ. பலகையில் அடங்கும் ஒரு முற்றம். பாடசாலைக் கண்காட்சிக்கும், மேசையில் ஆடும் கதை விளையாட்டுக்கும், சும்மா அலுமாரியில் வைத்துப் பார்ப்பதற்கும் இந்த அளவு போதும். மாலை நேரங்களில் மட்டும் செய்தால் மூன்று வாரம் பிடிக்கும். அதில் பாதி பசையும் பெயின்ற்றும் காயக் காத்திருக்கும் நேரம். கொழும்பின் ஈரக்காற்றில் அதைக் குறைக்கப் பார்ப்பவர்கள்தான் கடைசியில் எல்லாவற்றையும் பிரித்து ஒட்டுகிறார்கள்.

கத்தியை எடுக்க முன்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த முற்றம் பாதி தெரிந்ததுதான். நாலு பக்கமும் விறாந்தை, கூரை உட்பக்கம் சாய்வு, மழைத்தண்ணீர் நடுவில் விழுந்து ஒரு மூலையால் கானுக்குப் போகும். ஐரோப்பிய மடாலயங்களின் முற்றமும் இதே கணக்குத்தான். கோட்டைப் பள்ளி என்று நாம் கற்பனை செய்யும் எல்லாவற்றுக்கும் அந்த மடாலய முற்றமே மூலம். ஓட்டுக்குப் பதில் சிலேட்டுக் கல், மரத்தூணுக்குப் பதில் கல் வளைவு. பெரிய வித்தியாசம் வெயிலில்தான் இருக்கிறது.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் கிடக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். சுவருக்கு நிழலே இராது. நமது கோட்டையை ஸ்கொட்லாந்தில், 56 பாகையில் வைத்தால், மார்ச் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 34 பாகைதான். டிசம்பர் 21இல் 11 பாகையைக்கூடத் தொடாது. முற்றத்தின் தெற்குக் கூரை விளிம்பு 4 மீற்றர் உயரம் என்றால் மார்ச் மாத மத்தியானத்தில் அதன் நிழல் ஏறக்குறைய 6 மீற்றர், அதாவது நமது முற்றத்தின் பாதி. மார்கழியில் முற்றத்தில் வெயிலே விழாது.

ஆகவே தெற்குப் பக்கம் எப்போதும் ஈரம், பாசி, கறுத்த கல். வடக்குப் பக்கம் காய்ந்த, வெளிறிய கல். மாணவர்கள் உட்காருவதும் அங்கேதான். இங்கே செய்யப்படும் மாதிரிகள் பலவற்றில் நாலு பக்கமும் ஒரே மாதிரிப் பாசி பூசப்பட்டிருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பிழை என்று கண்ணில் படும். பலகையின் ஓரத்தில் பென்சிலால் வடக்கு எது என்று இப்போதே குறித்துவிடுங்கள். பார்ப்பவர் நிற்கும் பக்கம் தெற்கு. அந்தப் பக்கச் சுவரைத் தாழ்வாக வைப்பதால் உள்ளே பார்க்கவும் வழி கிடைக்கிறது.

மழையும் விறாந்தையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை நேரில் பார்க்க, கொழும்புக் கோட்டைப் பகுதியிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்துக்கு ஒரு மழை நாளில் போங்கள். இப்போது அங்கே கடைகளும் உணவகங்களும். இரண்டு முற்றங்கள், சுற்றி விறாந்தை, தடித்த சுவர். கூர்வளைவு அங்கே கிடையாது, அது வேண்டியதுமில்லை. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் எங்கே விழுகிறது, தெறித்த சேறு சுவரில் எவ்வளவு உயரம் ஏறுகிறது, ஆட்கள் எந்த மூலையைக் குறுக்கே வெட்டி நடக்கிறார்கள் என்பவற்றைக் கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

அளவுகள்

1:50 என்றால் 1 மீற்றருக்கு 2 செ.மீ. 1.70 மீற்றர் மனிதர் 34 மி.மீ. உயரம், 2.10 மீற்றர் கதவு 42 மி.மீ.; உட்காரும் குந்து 9 மி.மீ.; படி ஒன்று 3.5 மி.மீ. இந்த நான்கையும் ஒரு மட்டைத் துண்டில் கீறி, வேலை முடியும்வரை பக்கத்தில் வைத்திருங்கள்.

பெரிய பேராலயங்களின் படத்தைப் பார்த்து அளவெடுக்க வேண்டாம். இங்கிலாந்தின் சோல்ஸ்பரி பேராலய முற்றம் ஒரு பக்கம் ஏறக்குறைய 55 மீற்றர். 1:50இல் அதுவே 110 செ.மீ. ஆகிவிடும், வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் சாப்பாட்டு மேசை மிஞ்சாது. நமது முற்றம் 35 × 25 செ.மீ., அதாவது 17.5 × 12.5 மீற்றர். வளைவு ஒன்றுக்கு 5 செ.மீ. என்று பிரித்தால் நீளப் பக்கத்தில் 7, அகலப் பக்கத்தில் 5.

ஒற்றை எண் எடுத்ததற்குக் காரணம் உண்டு. 8 வளைவு வைத்தால் பக்கத்தின் நடுவில் ஒரு தூண் வந்து நிற்கும். வாசலுக்கு நேரே தூண். புதியவர்கள் இதைக் கடைசியில்தான் கண்டுபிடிப்பார்கள்.

விறாந்தை அகலம் 6 செ.மீ., வெளிச்சுவர் தடிப்பு 1 செ.மீ. கூட்டினால் கட்டடம் 49 × 39 செ.மீ. பலகையில் சுற்றிவர 3 செ.மீ. மிஞ்சும், தூக்கும்போது விரல் பிடிக்க அந்த இடம் வேண்டும்.

தூண்களை எண்ணும்போது மூலையை இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள். நடுத்தூண்கள் 20, மூலைத்தூண்கள் 4, மொத்தம் 24.

வாங்க வேண்டியவை

6 மி.மீ. பிளைவுட் 55 × 45 செ.மீ. (பழைய சோனகத் தெருவின் பலகை, இரும்புக் கடைகளில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள்). எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, ஆனால் பசைத்தண்ணீர் பட்டால் ஓரம் ஊதும். 5 மி.மீ. ஃபோம் போர்ட் (இரு பக்கமும் கடதாசி ஒட்டிய போம் தாள்) ஏ1 அளவில் 3 தாள். கூரைக்கு 1.5 மி.மீ. தடித்த மட்டை, சிலேட்டுக்குப் பிஸ்கட் பெட்டி மட்டை. வெள்ளை மரவேலைப் பசை அரை கிலோ. முட்டை அடுக்கி வரும் கூழ்மட்டை நாலைந்து. எமல்ஷன் பெயின்ற் கறுப்பு, வெள்ளை, கபிலம், மஞ்சட்காவி. பேப்பர் கட்டரும் ஒரு பெட்டி புது அலகும். இரும்பு அடிமட்டம், கவராயம். கோபுரத்துக்குத் துணி சுற்றி வரும் மட்டைக்குழாய், 5 செ.மீ. விட்டத்தில், புறக்கோட்டைத் துணிக்கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

வெள்ளை ரெஜிபோமைச் சுவருக்கு எடுக்க வேண்டாம். வெட்டும்போது மணிமணியாக உதிரும், கல்வரி கீறினால் பிய்யும். ஃபோம் போர்ட்டின் நடுப்பகுதியும் அதே குடும்பம்தான், ஆனால் நெருக்கமானது. இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று: ஸ்பிரே பெயின்ற், தின்னர், செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசை எதுவும் படக்கூடாது. அவற்றிலுள்ள கரைப்பான் போமை ஒரு நிமிடத்தில் உருக்கிக் குழியாக்கிவிடும்.

1. மேடை

ஃபோம் போர்ட்டில் 49 × 39 செ.மீ. துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் 35 × 25 செ.மீ. ஓட்டை வெட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். இதுதான் விறாந்தையின் தரை. சுவரும் வளைவும் இதன்மேல் நிற்கும். வெட்டியெடுத்த நடுத்துண்டுகளை வீசாதீர்கள். ஒன்று முற்றத்தின் தரை, மற்றது படிகளுக்கும் பீடங்களுக்கும்.

முற்றத்துத் தரையை மட்டமாக ஒட்டக்கூடாது. வடமேற்கு மூலைக்கு அடியில் 3 மி.மீ. தடிப்புக்கு மட்டைத் துண்டு வைத்து, தென்கிழக்கு மூலையைப் பலகையோடு ஒட்டுங்கள். மற்ற இரு மூலைக்கும் 1.5 மி.மீ. நிஜத்தில் இது 15 செ.மீ. சரிவு. கண்ணுக்குச் சரிவாகத் தெரியாது, ஆனால் தரை குளியலறை ரைல்ஸ் போலத் தட்டையாகக் கிடக்காது. தென்கிழக்கு மூலையில் 8 மி.மீ. சதுரக் குழி வெட்டி, மேலே நுளம்பு வலைத் துண்டு ஒன்றை ஒட்டினால் கான் வாய் தயார். இந்த ஒரு சின்னத் துண்டைப் பார்த்ததும்தான் பலர் இது உண்மையான இடம் என்று நம்பத் தொடங்குகிறார்கள்.

பசை ஒட்டியதும் மேலே புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரமாகவே இருக்கும். ஃபோம் போர்ட்டின் பூச்சுக் கடதாசி ஆவியை வெளியே விடாது.

2. வளைவுகள்

இந்த வேலையின் முகம் இதுதான், அவசரப்பட வேண்டாம்.

கூர்வளைவில் பல வகை. புதியவர்களுக்கு ஏற்றது ஆரையும் அகலமும் ஒன்றாக இருக்கும் வகை. திறப்பு 4 செ.மீ. அகலம் என்றால் கவராயத்தை 4 செ.மீ.க்கு விரித்து, இடது காலடியில் ஊன்றி வலது காலடியிலிருந்து ஒரு வில், வலது காலடியில் ஊன்றி இடதிலிருந்து ஒரு வில். இரண்டும் சந்திக்கும் இடம் உச்சி. உச்சியின் உயரம் தானாகவே 3.5 செ.மீ. அளவில் வரும். மனக்கண்ணால் கீறினால் வளைவு வெங்காயமாகவோ வாழைப்பொத்தியாகவோ போய்விடும். 24ஐயும் வரிசையில் வைத்தால் அசிங்கம்.

ஒரு பக்கத்துப் பட்டையின் உயரம் 8 செ.மீ. கீழிருந்து: குந்து 0.9, அதற்கு மேல் தூண் 2.6, பிறகு வளைவு 3.5, உச்சிக்கு மேலே 1 செ.மீ. சுவர். தூண் அகலம் 1 செ.மீ. பட்டையின் இரு அந்தத்திலும் அரைத்தூண், அதாவது 0.5 செ.மீ.

இப்போது தடிப்பைக் கணக்கில் எடுங்கள். நீளப் பட்டைகளை 35 என்று வெட்டாமல் 36 செ.மீ. என்று வெட்டி, இரு முனையிலும் கூடுதலாக உள்ள 5 மி.மீ.ஐத் திறப்பு இல்லாமல் விட்டுவிடுங்கள். அகலப் பட்டைகள் 25 செ.மீ. தான், அவை நீளப் பட்டைகளுக்கு நடுவே போய்ப் பொருந்தும். இதை மறந்தால் மூலையில் அரை செ.மீ. பல்லிளிக்கும், கூரை வைக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

ஐஸ்கிரீம் பெட்டி மூடியில் ஒரு திறப்பை வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டையை அகலமான தாளிலிருந்து பிரிக்கும் முன்பே திறப்புகளை எல்லாம் வெட்டி முடியுங்கள். 8 செ.மீ. பட்டையாகப் பிரித்துவிட்டு வளைவு வெட்டப் போனால் உச்சியில் முறியும்.

கட்டரை மூன்று முறை இழுங்கள். முதலாவது மேற்கடதாசி மட்டும், இரண்டாவது நடுப் போம், மூன்றாவது அடிக்கடதாசி. ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் போம் கிழிந்து இழுபடும். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள். கத்தி நேரே இருக்க, தாளைத் திருப்புங்கள். நான்கைந்து வளைவுக்கு ஒரு தடவை அலகின் முனையை முறித்துப் புது முனை எடுங்கள். அலகில் கஞ்சத்தனம் பார்த்தவர்களின் வளைவெல்லாம் எலி கடித்தது போலிருக்கும்.

ஒவ்வொரு பக்கத்திலும் நடு வளைவின் குந்தை வெட்டி வழி விடுங்கள். வடக்குப் பக்கத்தில் மேற்கு அந்தத்து வளைவையும் திறங்கள். கோபுரத்துக்குப் போகிற வழி அது.

3. கல்வரி

பட்டையின் முற்றத்துப் பக்கக் கடதாசியை ஈரப் பஞ்சால் நனைத்து உரித்தெடுங்கள். மை தீர்ந்த பேனையால் போமில் கல்வரி அழுத்துங்கள்: கல் ஒன்று 12 × 6 மி.மீ., செங்கல் போலவே மூட்டு மாறி மாறி. வளைவைச் சுற்றி மட்டும் கல் ஆப்பு வடிவில் வரவேண்டும், பக்கத்துக்கு ஐந்து. அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, மேலே உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வரும். விரலால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கற்களை உள்ளே அமுக்குங்கள். எல்லாக் கல்லையும் அமுக்கினால் பயனில்லை.

ஒரு பக்கம் மட்டும் உரித்த பட்டை, பெயின்ற் பட்டதும் வில்லாக வளையும்; மறுபக்கக் கடதாசி ஈரத்தில் நீண்டு, காயும்போது சுருங்குவதுதான் காரணம். இரு பக்கமும் ஒரே நாளில் பூசினால் இழுப்பு சமனாகிவிடும்.

வெளிச்சுவர்கள்: ஃபோம் போர்ட் இரட்டையாக ஒட்டி 1 செ.மீ. தடிப்பு. வடக்கும் மேற்கும் 20 செ.மீ. உயரம், தெற்கும் கிழக்கும் 11. நீளச் சுவர் 49, அகலச் சுவர் 37 செ.மீ. தெற்குச் சுவரின் நடுவில் பிரதான வாசல். விறாந்தையின் உட்சுவருக்கு விரிவான கல்வரி வேண்டாம், நிழலுக்குள் தெரியாது. குளொஸ்டர் பேராலயத்தில் இருப்பது போல விசிறி விரித்த கல் விதானம் செய்ய வேண்டும் என்ற ஆசையும் சிலருக்கு வரும். 14ஆம் நூற்றாண்டுக் கொத்தர்கள் பல வருடம் எடுத்த வேலை அது, இங்கே கூரைக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை.

4. தரை

இரண்டு பாதைகள், 4 செ.மீ. அகலம், நடுவில் குறுக்கிடும். மிச்சம் நாலு துண்டு புல். பாதைக்கு முட்டைக் கூழ்மட்டையின் தட்டையான பாகங்களை 12 × 8 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். மூட்டுக்கு 1 மி.மீ. விட்டால் 200க்குச் சற்றுக் குறைவான கற்கள் பிடிக்கும். மூலைகளைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் மழுக்குங்கள். ஒட்டியபின் பசையும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று சேர்த்து மேலே பூசிக் காயவிடுங்கள். பூசாவிட்டால் கூழ்மட்டை பெயின்ற்றை உறிஞ்சி மயிர் மயிராகக் கிளம்பும்.

புல்லுக்கு மரத்தூள். தேநீர் வடியால் சலித்து, பச்சையும் மஞ்சட்காவியும் தண்ணீரில் கரைத்து அதில் பிசைந்து, இரண்டு வெயில் காயவிடுங்கள். வெறும் பச்சை போட்டால் பிளாஸ்ரிக் புல்லாகிவிடும். தெற்குப் பாதிக்குக் கொஞ்சம் கபிலம் கூட்டிய இருண்ட தூள், வடக்குப் பாதிக்கு வெளிறியது. எல்லை நேர்கோடாக இருக்கக்கூடாது, இரண்டையும் 3 செ.மீ. அகலத்துக்குக் கலந்து தூவுங்கள்.

பிறகு, பிள்ளைகள் நடக்கும் வழி. எந்தப் பள்ளியிலும் மாணவர்கள் கல் பாதையில் போய்ச் செங்கோணத்தில் திரும்புவதில்லை. பிரதான வாசலிலிருந்து கோபுரத்துக்கு, தென்மேற்குப் புல்லையும் வடமேற்குப் புல்லையும் குறுக்கே அறுத்து ஒரு ஒற்றையடிப் பாதை போகும். பசை காய முன் ஒரு செ.மீ. அகலத்துக்குத் தூளை விரலால் வழித்தெடுத்து, அந்த இடத்தில் காய்ந்த தேயிலைச் சக்கையை நுணுக்கித் தூவுங்கள். மண் நிறத்துக்கு அதைவிட நல்ல பொருள் கடையில் கிடையாது. ஆனால் சக்கையை வெறும் சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுத்தெடுத்துத்தான் பாவிக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஒரு வாரத்தில் வெண்பூஞ்சணம் பூக்கும்.

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் விழும் கோடு அடுத்தது. வளைவு வரிசையிலிருந்து 5 மி.மீ. தள்ளி, முற்றத்தைச் சுற்றிவர 4 மி.மீ. அகலத்தில் பொடிக்கல் வரி. வெள்ளவத்தைக் கரை மணலைச் சலித்துப் பெரிய மணிகளை எடுக்கலாம், மூன்று தண்ணீரில் கழுவிய பிறகு. உப்பு மிஞ்சினால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பசை காயாது, விளக்குக் கம்பியும் பச்சை பிடிக்கும்.

நடு வாசல்களுக்குப் படி ஒவ்வொன்று. தென்கிழக்குப் பக்கம் தரை தாழ்வு என்பதால் அங்கே சற்று உயரமான படி. படியின் நடுவைத் தேக்கரண்டியின் பின்புறத்தால் ஒரு முறை அமுக்குங்கள், பல நூறு வருடம் தேய்ந்த கல்லாகிவிடும். ஓரங்களைத் தொட வேண்டாம். ஆட்கள் நடுவில்தான் மிதிப்பார்கள்.

5. கூரைக்கு முன்

கூரை ஏறிவிட்டால் விறாந்தைக்குள் தூரிகை போகாது. ஆகவே விறாந்தைத் தரை, உட்சுவர், வளைவின் பின்பக்கம் எல்லாம் இப்போதே பூசி முடிக்க வேண்டும். விளக்கும் இப்போதுதான்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 3 மி.மீ. மஞ்சள் ஒளி எல்.ஈ.டி. 6, 1 கிலோ ஓம் தடை 6, மெல்லிய கம்பி வாங்குங்கள். மின்சாரம் 5 வோல்ற், பழைய போன் சார்ஜரிலிருந்து. ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித்தனித் தடை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று போட்டால் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் எரியும். நீண்ட கால் நேர்முனை. வழக்கமாகச் சொல்லும் 220 ஓம் இங்கே அதிக வெளிச்சம்; சுவர்விளக்கு கிரிக்கெட் மைதான விளக்காகிவிடும். பவர் பாங்கில் இணைக்காதீர்கள். ஆறும் சேர்ந்து எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பல பவர் பாங்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிச் சற்று நேரத்தில் அணைந்துவிடும். கூரை ஒட்ட முன் ஓர் இரவு முழுக்க எரியவிட்டுப் பாருங்கள்.

6. கூரை

கூரை வெளிச்சுவரில் 11 செ.மீ. உயரத்தில் தொடங்கி, வளைவு வரிசையின் 8 செ.மீ. உயரத்துக்கு இறங்கி, அரை செ.மீ. வெளியே நீளும். நாலு பலகை வேண்டும், நாலும் சரிவகம். நீளப் பக்கத்துக்கு: மேல் விளிம்பு 47, கீழ் விளிம்பு 34, சரிவு உயரம் 7.3 செ.மீ. அகலப் பக்கத்துக்கு: மேல் 37, கீழ் 24, சரிவு உயரம் அதே 7.3.

அதிகமானோர் பிழை விடுவது இங்கேதான். மேலிருந்து பார்த்தால் மூலைக்கோடு 45 பாகை என்பதால் மட்டையிலும் 45 பாகையில் வெட்டிவிடுவார்கள். மட்டை சரிந்து கிடக்கிறது, அதன் நீளம் கூட. மேல் விளிம்பிலிருந்து 45இல் வெட்டினால் கீழ் விளிம்பு குட்டையாகி, கீழ் மூலையில் இரண்டு பலகைக்கும் நடுவே இடைவெளி விழும். கோணத்தை மறந்துவிட்டு மேலே சொன்ன மூன்று அளவையும் கீறி முனைகளை இணையுங்கள்.

நாலு மூலையிலும் இரு சரிவும் சந்திக்கும் இடம் பள்ளம். நாற்சார் வீட்டிலும் அப்படித்தான். அங்கே தண்ணீர் சேர்ந்து ஓடும் என்பதால் ஈயத்தகடு விரித்திருப்பார்கள். 8 மி.மீ. அலுமினியத் தாள் பட்டை ஒன்றை மடித்து ஒட்டி, சாம்பல் பூசுங்கள். அதற்கு நேர் கீழே, முற்றத்தின் மூலைகளில், பாசி மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு.

சிலேட்டுக்குப் பிஸ்கட் பெட்டி மட்டையை 7 மி.மீ. பட்டைகளாக வெட்டி, 5 மி.மீ.க்கு ஒரு கீறல் போடுங்கள், பட்டையின் பாதிக்கு மேல்வரை. கீழ் விளிம்பிலிருந்து மேலே போக வேண்டும். ஒரு வரிசைக்கு 4 மி.மீ. மட்டும் வெளியே தெரிய, மேல் வரிசை கீழ் வரிசையின் மூட்டை மூடும்படி அரைக்கல் தள்ளி ஒட்டுங்கள். பக்கத்துக்கு 18 வரிசை வரும். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் மழை போகிற கூரையாகிவிடும். அங்கங்கே ஒரு சிலேட்டை முறித்துவிடுங்கள், ஆனால் பத்துக்கு மேல் வேண்டாம். பள்ளி நடக்கிறது, பாழடைந்த கோட்டை அல்ல.

7. நிறம்

அடிப்பூச்சு: கறுப்பு 1, கபிலம் 1, வெள்ளை 4 பங்கு. காய்ந்தபின் வெள்ளையும் மஞ்சட்காவியும் கூட்டி, தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த மயிரால் கல்லின் மேடுகளை மட்டும் தடவுங்கள். பிறகு பெயின்ற் 1, தண்ணீர் 8, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்து மூட்டுக்குள் ஓடவிடுங்கள். அந்தத் துளி இல்லாவிட்டால் தண்ணீர் முத்துமுத்தாக மேலேயே நிற்கும். வளைவின் அடியில் 1 செ.மீ. உயரத்துக்குச் சேறு தெறித்த கபிலம், பழைய பற்தூரிகையால் விரல் கொண்டு தெறிக்கலாம். மழை பெய்யும் பின்னேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள், ஒரு பூச்சு காய இரவாகும்.

8. மந்திரம்

ஒன்றே ஒன்று. துடைப்பம், கொதிகலம், ஆந்தை, மிதக்கும் மெழுகுதிரி எல்லாம் ஒரே முற்றத்தில் இருந்தால் அது திருவிழாக் கடை. மழை, வெயில், கால் தேய்மானம் எல்லாம் சரியாக அமைந்த முற்றத்தில் ஒரேயொரு விதி மட்டும் மீறப்பட்டால் பார்ப்பவர் அங்கேயே நிற்பார்.

மலிவானதும் நல்லதும் சூரியக் கடிகாரம். பாதைகள் சந்திக்கும் இடத்தில் 2 செ.மீ. உயரப் பீடம், மேலே 1.5 செ.மீ. வட்டம், அதில் முக்கோண முள். முள்ளின் சாய்வு அந்த இடத்தின் அகலக்கோட்டுக்குச் சமனாக இருக்கவேண்டும்: கொழும்பில் 7 பாகை, கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும், கோட்டையில் 56 பாகை, நிமிர்ந்து நிற்கும். முள்ளின் சரிந்த விளிம்பு வடக்கை நோக்கி மேலேறும். இதெல்லாம் சரி. முள்ளின் நிழலை மட்டும் மெல்லிய சாம்பல் பூச்சால் தெற்குப் பக்கம், சூரியன் இருக்கும் திசையை நோக்கி, தீட்டிவிடுங்கள். மற்ற நிழல், பாசி எல்லாம் ஒரு திசை சொல்ல, இது மட்டும் எதிர்த்திசை சொல்லும். விளக்கப் பலகை எதுவும் வைக்காதீர்கள்.

9. கோபுரமும் பிரயாணமும்

வடமேற்கு மூலையில் சுவர்கள் இரண்டையும் 2.5 செ.மீ. வெட்டிக் குறைத்து, மட்டைக்குழாயை 30 செ.மீ. உயரத்துக்கு நிறுத்துங்கள். ஒட்டவேண்டாம். குழாயின் அடியில் ரெஜிபோம் அடைப்பு ஒன்று வைத்து, பலகையில் நட்ட ஒரு பழைய பென்சில் துண்டின்மேல் செருகினால் கழற்றிப் பூட்டலாம். கண்காட்சி நாளில் முச்சக்கர வண்டிக்குள் முற்றம் மடியில் வரும், கோபுரம் தனியாகப் பையில் வரும். காலை ஏழு மணிக்குக் காலி வீதி பஸ்ஸில் ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டில் வைக்கும்போது கண்ணாடிப் பெட்டி இருந்தால் நல்லது, பின்பக்கம் அடியில் இரண்டு சிறு துளையுடன். முழுக்க மூடிய பெட்டிக்குள் அடைமழைக் காலத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கோதுமைமாப் பசை எங்கேயும் பாவித்திருந்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும், வெள்ளை மரவேலைப் பசை அவற்றுக்கு அவ்வளவு பிடிக்காது. தூசு தட்ட மென்மையான பெரிய தூரிகை, மாதம் ஒரு முறை. கூரையைக் கீழ்நோக்கித் தட்டுங்கள். மேல்நோக்கித் தட்டினால் சிலேட்டு கிளம்பிவிடும்.